இடக்கைச் சுருள்

எங்கிருந்துதான் தெரிந்துகொள்கிறார்களோ, நான் அரிசி நூடுல்ஸ் கிண்ணத்தில் குச்சியை நுழைக்கிற நேரம் பார்த்துத்தான் புகார் வரும். ஷென்ஜென் நகரத்தில் ஷாஜிங் பகுதி, மூன்றாவது மாடியில் ஒரு சின்னத் தொழிற்சாலை, அங்கே எனக்கு இரண்டு வேலை. வெளியே போகிற சரக்கைச் சோதிப்பது ஒன்று. போன சரக்கைப் பற்றி வருகிற திட்டுக்குப் பதில் எழுதுவது இன்னொன்று. என் பெயர் லாய். திட்டுகிறவர்களுக்கு அது தெரியாது. அவர்களுக்கு நான் வெறும் ‘வாடிக்கையாளர் சேவை’.

நாங்கள் செய்வது வேப் கருவியின் தலை. சிகரெட்டை விட்டுவிட்டு ஆவி இழுக்கிறார்களே, அந்தக் கருவியில் திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்குகிற பகுதி. தீர்ந்ததும் தூக்கி எறிகிற ரகம் இல்லை. வாங்கியவரே திறந்து, கம்பிச் சுருளை மாற்றி, திரவத்தை உறிஞ்சப் பஞ்சு வைத்து மூடி, வருஷக் கணக்கில் வைத்துக்கொள்ளலாம். இப்படிக் கைவேலை பார்க்கிறவர்கள் தங்கள் மேல் தப்பு என்று ஒருநாளும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். தொண்டை கருகுகிறது என்பார்கள், பார்த்தால் பஞ்சை மூட்டை கட்டித் திணித்திருப்பார்கள். அடியில் ஒழுகுகிறது என்பார்கள், பஞ்சில் கஞ்சத்தனம் காட்டியிருப்பார்கள். ஒரு வளையம் மட்டும் தனியாகச் சிவக்கிறது என்கிறவருக்கு, சுருளை இடுக்கியால் நீவிவிட்டு, வளையங்களைச் சேர்த்து மெல்ல அழுத்தி, மறுபடி சூடாக்கிப் பாருங்கள் என்று எழுதுவேன். நடுவில் ஆரம்பித்து இரண்டு ஓரத்துக்கும் ஒரே சீராகச் சிவந்தால் சுருள் ஆரோக்கியம். பத்தில் ஒன்பது வியாதிக்கு மருந்து எனக்கு மனப்பாடம்.

பத்தாவது வியாதி 2017 மே மாதம் வந்தது. அதைச் சொல்லுமுன் லான்யிங் அக்காவைச் சொல்லியாக வேண்டும், இது அவள் கதை.

பெங் லான்யிங். ஹூனான் மாகாணத்தில் ஷாவ்யாங் பக்கத்துக்காரி. அப்போது நாற்பத்தொன்பது வயது. இருபதில் கல்யாணம், அதற்கப்புறம் இருபத்து மூன்று வருஷம் மாமனார் மாமியாருக்குச் சமைத்து, பன்றிக்குத் தீனி வைத்து, கணவருக்கு மருந்து கொடுத்து ஓடிப்போனது. மூவரையும் ஒருவர் பின் ஒருவராக வழியனுப்பிவிட்டு, ஒரு பையும் மிளகாய் ஊறுகாய் ஜாடியுமாக ஷாஜிங்கில் வந்து இறங்கினாள். முதலில் கீழ்த் தெருவில் ஸ்பிரிங் செய்கிற இடத்தில் இருந்தாள், பிறகு எங்களிடம் வந்தாள். எங்கள் தொழிற்சாலையின் பெண்கள் விடுதியில் ஜன்னலோரம் கீழ்க்கட்டில் அவளுடையது. நீலப்பூப் போட்ட திரை தைத்து அதைச் சுற்றி மாட்டியிருந்தாள். “நாப்பத்து மூணு வயசுலதான் எனக்குன்னு ஒரு கட்டில் கெடைச்சுது” என்று ஒருமுறை சொன்னாள். பெருமையாகத்தான் சொன்னாள்.

அவள் வேலை சுருள் சுற்றுவது. தலைமுடியை விடக் கொஞ்சம் தடித்த கம்பி, மூன்று மில்லிமீட்டர் குச்சி, அதில் ஆறரைச் சுற்று, இரண்டு பக்கமும் ஒரு கால் நீட்டி விடவேண்டும். ஒரு நாளைக்கு நானூறு சுற்றுவாள். ஊசி மாதிரி பேச்சு, பட்டு மாதிரி கை. ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் பூங்காவில் பெண்கள் பாட்டுப் போட்டு ஆடுகிற கூட்டத்தில் முதல் வரிசையில் நிற்பாள். பின் வரிசைக்காரிகளுக்கு அடி தப்பினால் திரும்பிப் பார்த்து முறைப்பாள். சுருக்கமாகச் சொன்னால், அவளுக்கு வாழ்க்கை நாற்பத்து மூன்றில்தான் ஆரம்பித்தது.

அதில் ஒரே ஒரு முள். மகன் சாங்ஷாவில் இருக்கிறான், அவனுக்கு இரட்டைப் பெண் குழந்தைகள், ஒன்றரை வயது. லிஃப்ட் இல்லாத கட்டடம், ஆறாவது மாடி. மருமகள் தினமும் மத்தியானச் சாப்பாட்டு வேளையில் அழைப்பாள். எப்ப வர்றீங்க அத்தை, இன்னுமா லீவு கொடுக்கல என்பாள். அக்கா ஊறுகாயைக் கடித்துக்கொண்டு, முதலாளி விடலம்மா என்பாள். போன் வைத்ததும் நான் கிண்டல் செய்வேன், எங்கள் முதலாளிக்கு இப்படி ஒரு கெட்ட பெயர் சாங்ஷாவில் இருப்பது அவருக்குத் தெரியுமா என்று.

ஒருநாள் மட்டும் அவள் சிரிக்காமல் பதில் சொன்னாள்.

“பாசம் இல்லாம இல்ல லாய். வீடியோவுல அதுங்க மொகத்தப் பாத்தா நெஞ்சு நெறைஞ்சு போவுது. ஆனா அந்த ஆறு மாடி ஏறி உள்ள போயிட்டேன்னா, மறுபடி எறங்க விடமாட்டாங்க.”

சரி, பத்தாவது வியாதி. அந்த வசந்தத்தில் ஒரு புது ரகம் விட்டிருந்தோம். சுருளை நாங்களே மாட்டி அனுப்புவோம், வாங்குகிறவர் பஞ்சு மட்டும் வைத்தால் போதும். முதல் ஒரு மாதம் ஒரு புகார் இல்லை. மே பிறந்ததும் மழை மாதிரி வந்தது. எல்லாம் ஒரே புகார். முதல் நாள் அருமை, மூன்றாம் நாள் மின்தடை காட்டுகிற ஓம் அளவு குதிக்கிறது, ஐந்தாம் நாள் கருவி ‘சுருள் இல்லை’ என்று காட்டுகிறது. வழக்கம்போல, ஸ்குரூ தளர்ந்திருக்கும், இறுக்குங்கள் என்று எழுதினேன். இறுக்கினால் கம்பி வெளியே நழுவுகிறது என்று பதில் வந்தது. ஒருவர் படமே எடுத்து அனுப்பியிருந்தார். ஸ்குரூ தலைக்கு அடியிலிருந்து கம்பிக் கால் மெல்ல மெல்ல வெளியே எட்டிப் பார்க்கிறது. கூடவே என் அம்மாவைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தார்.

அறுபது தலைகள் திரும்பி வந்தன. ஒவ்வொரு பெட்டியிலும் சுற்றியவரின் எண் போட்ட சீட்டு இருக்கும். எங்களிடம் சுருள் சுற்றுகிறவர்கள் மூன்று பேர். திரும்பி வந்த அறுபதிலும் ஏழாம் எண். ஏழு என்றால் லான்யிங் அக்கா.

சுருள்களைக் கழற்றி பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்துப் பார்த்தேன். வளையங்கள் ஒட்டிக்கொண்டு அழகாக இருந்தன. சூடாக்கினால் நடுவிலிருந்து ஓரத்துக்குச் சீராகச் சிவந்தன. புதிதாக மாட்டி அளந்தால் ஓம் கணக்கு சரி. என் சோதனை மேசையில் தங்கமான பிள்ளை, வீட்டுக்குப் போனதும் அடம். எனக்குக் கோபம் வந்துவிட்டது. புரியாத விஷயத்தில் எனக்குச் சீக்கிரம் கோபம் வரும், வந்தால் கையில் கிடைத்த காரணத்தைப் பிடித்துக்கொள்வேன். அக்காவுக்கு ஐம்பது நெருங்குகிறது, வெள்ளெழுத்து வந்திருக்கும், கால் நீளத்தைக் கண்பார்வையில் தப்பாக விடுகிறாள், அதனால் பிடிமானம் இல்லை. இப்படி முடிவு கட்டிவிட்டேன்.

முதலாளி தெங் என்னை விட இளையவர், சாவ்ஷான் பக்கத்து ஆள். யார் என்ன சொல்ல வந்தாலும் முதலில் கட்டைவிரல் உயரக் கோப்பையில் தேநீர் ஊற்றி எதிரே வைப்பார். அவருக்கு வேறு பயம். சுருள் மாட்டுகிற தட்டின் அச்சே தப்போ, அப்படியென்றால் மொத்தமும் குப்பை, ஊருக்குத் திரும்பி வாத்து மேய்க்க வேண்டியதுதான் என்று தேநீரை வெறித்துக்கொண்டிருந்தார். அவரைத் தேற்றப்போய்த்தான் நான் அதைச் சொன்னேன்.

“அச்சு நல்லாத்தான் இருக்கு முதலாளி. ஏழாம் நம்பருக்குக் கண்ணு போயிருக்கும்.”

வாயிலிருந்து அது எவ்வளவு சுலபமாக வந்தது என்று இன்றைக்கும் நினைத்தால் கூசுகிறது. அவர் கெட்டவர் இல்லை. வெள்ளிக்கிழமை தன் எதிரே உட்கார்ந்து பத்துச் சுருள் சுற்றட்டும், கண் சரியில்லை என்றால் மரியாதையாக ஊருக்கு அனுப்பிவைக்கலாம், எல்லோருமாக வெளியே கூட்டிப்போய் விருந்து வைக்கலாம் என்றார். விருந்து என்று கேட்டதும்தான் எனக்கு உறைத்தது. வேலை போனால் விடுதிக் கட்டிலும் போகும். நீலப்பூத் திரையைச் சுருட்டிக்கொண்டு அவள் எங்கே போவாள் என்று எனக்குத் தெரியும்.

செய்தி அக்காவுக்குப் போயிற்று. என் மேசைக்கு வந்து நின்றாள். கம்பி உருளையை எடுத்து, அதன் ஓரத்தில் எறும்பு எழுத்தில் அச்சடித்திருந்ததை முழுக்கப் படித்துக் காட்டினாள். தயாரித்த தேதி, கம்பியின் தடிமன், உருக்கிய தொகுதி எண். எனக்கே அது புள்ளியாகத்தான் தெரிந்தது.

“கண்ணு போச்சுன்னு யாரு சொன்னது லாய்?”

தெரியாது அக்கா என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை காலை முதலாளியின் தேநீர் மேசையை ஒதுக்கி, விளக்குப் போட்டு, குச்சியும் கம்பியும் வைத்தோம். அக்கா தலையைப் படிய வாரி, ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்குப் போடுகிற சிவப்புச் சட்டை போட்டு வந்திருந்தாள். உட்கார்ந்தாள். இடக்கையில் கம்பியைப் பிடித்து, வலக்கையால் குச்சியைத் திருப்பி, ஒன்று, இரண்டு, மூன்று என்று சுற்றி வைத்தாள். வேகம் குறைவு. பயம் என்று நினைத்தேன். ஐந்தாவதில் மேலுதட்டில் வேர்த்திருந்தது, எட்டாவதில் கழுத்தெல்லாம் ஈரம். பத்தாவதை வைத்துவிட்டு வலக்கையை மடியில் போட்டுக்கொண்டாள், ஒரு பொருளை வைப்பது போல.

பத்தையும் நானே தட்டில் மாட்டினேன். ஸ்குரூ இறுக இறுகக் கம்பி தானாக உள்ளே போய்ப் பதிந்தது. இடுக்கியால் இழுத்தேன். அசையவில்லை. பத்தும் கல் மாதிரி நின்றன.

எனக்கு மூச்சு வந்தது. அப்பாடா, அக்கா பிழைத்தாள் என்று நினைத்தேன். முதலாளியின் முகத்தைப் பார்த்தால் அங்கே சந்தோஷம் இல்லை. கோப்பையை உருட்டிக்கொண்டே இருந்துவிட்டு, அவள் போனபிறகு சொன்னார்.

“கண்ணு நல்லா இருக்கு. கையும் நல்லா இருக்கு. நான் பாக்கும்போது மட்டும் நல்லா இருக்கு. இல்லையா லாய்?”

அதற்கு என்ன அர்த்தம் என்று விளக்க வேண்டியதில்லை. கண் போனவளுக்காவது விருந்து உண்டு. ஏனோதானோ என்று வேலை செய்கிறவளுக்கு அதுவும் கிடையாது. மனசு இல்லாதவளைப் பிடித்து வைக்க முடியாது, மாசக் கடைசியோடு போகட்டும் என்றார். தேற்றப்போன நான், தள்ளிவிட்டு வந்திருக்கிறேன்.

மத்தியானத்துக்குள் அவளுக்கும் செய்தி போய்விட்டது, போனை எடுக்கவில்லை. மருமகளின் அழைப்பு அடித்து அடித்து ஓய்ந்தது. ஊறுகாய் ஜாடியை மூடியபடி என்னைப் பார்க்காமல் இரண்டே வார்த்தை சொன்னாள்.

“ஆறு மாடி.”

நூடுல்ஸ் கிண்ணத்தைத் தள்ளி வைத்தேன். சோதனை மேசைக்குப் போய் உட்கார்ந்தேன். காலையில் அவள் சுற்றிய பத்தும் ஒரு கிண்ணத்தில், திரும்பி வந்தவை இன்னொரு கிண்ணத்தில். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். சுற்று எண்ணிக்கை ஒன்றே, அகலம் ஒன்றே, கம்பி ஒன்றே. கடைசியில் சலித்துப்போய் இரண்டு கிண்ணத்திலிருந்தும் ஒவ்வொன்று எடுத்து, பூதக்கண்ணாடிக்கு அடியில் பக்கத்தில் பக்கத்தில் போட்டேன்.

எங்கள் சீன எழுத்தில் ‘மனிதன்’ என்று எழுத இரண்டே கோடு போதும். ஒன்று இடப்பக்கம் சாய்ந்து இறங்கும், ஒன்று வலப்பக்கம் சாய்ந்து இறங்கும். இரண்டும் உச்சியில் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும். பள்ளிக்கூடத்தில் முதல் வாரம் கற்றுக்கொள்கிற எழுத்து. கண்ணாடிக்கு அடியில் அது இருந்தது. காலைச் சுருளின் வளையங்கள் ஒரு பக்கம் சாய்ந்திருந்தன, திரும்பி வந்த சுருளின் வளையங்கள் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தன.

சுருளைக் கவிழ்த்துப் பார்த்தேன். அப்போதும் அதே சாய்வுதான். முன்பின்னாகத் திருப்பினேன், மாறவில்லை. மாறாது, ஸ்குரூவை எந்த முனையில் பிடித்தாலும் அது ஒரே பக்கம்தானே சுற்றியிருக்கிறது. திரும்பி வந்த அறுபதும் கண்ணாடியில் தெரிகிற பிம்பம் மாதிரி, எதிர்ச்சுற்றுச் சுருள்கள்.

அதற்கப்புறம் எல்லாம் மளமளவென்று அவிழ்ந்தது. சுற்று மாறினால் கால்கள் ஸ்குரூவுக்கு எதிர்ப்பக்கத்தில் வந்து நிற்கும். ஸ்குரூ வலம் சுற்றித்தான் இறுகும். கால் சரியான பக்கம் இருந்தால் இறுகும்போது கம்பியை உள்ளே இழுத்துக்கொள்ளும். தப்பான பக்கம் இருந்தால் வெளியே தள்ளும். பாதிப் பிடிப்பில் முதல் நாள் வேலை செய்யும், நான் அளந்தால் அளவு சரியாக வரும். நாலு தரம் சூடாகி ஆறினால் நழுவ ஆரம்பிக்கும். இறுக்குங்கள் என்று நான் எழுதிய ஒவ்வொரு பதிலும் அதை இன்னும் கொஞ்சம் வெளியே தள்ளியிருக்கிறது. என் அம்மாவைத் திட்டியவர் பேரில் தப்பில்லை.

மாட்டுகிற மேசைப் பெண்களிடம் போய், கால் வேறு பக்கம் வருவதைக் கவனிக்கவில்லையா என்று கேட்டேன். கவனித்தார்களாம். ஒரு மாதமாக ஏழாம் நம்பர் கால் அந்தப் பக்கம் வருகிறது, அந்தப் பக்கம் மாட்டினோம், யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை என்றார்கள். சண்டை போடக்கூட எனக்கு நேரமில்லை.

அக்காவின் மேசைக்குப் பின்னால் பஞ்சு மூட்டை அடுக்கியிருக்கும். அதன் மறைவில் நின்று பார்த்தேன். அவள் கம்பியை வலக்கையில், தொடையோடு ஒட்டிப் பிடித்திருந்தாள். குச்சியைத் திருப்பிக்கொண்டிருந்தது இடக்கை. வேகமும் பழைய வேகம், அழகும் பழைய அழகு. முதலாளி எதிரில் மட்டும் வலக்கையால் சுற்றியிருக்கிறாள்.

“எப்பலேருந்துக்கா இடக்கை?”

தூக்கிவாரிப் போட்டது அவளுக்கு. குச்சி கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தபோது வலது தோள் கூடவே வரவில்லை. மார்பு உயரத்துக்கு மேல் அந்தக் கை எழும்பவில்லை. அதற்கு எங்கள் ஊரில் ‘ஐம்பது வயதுத் தோள்’ என்று பெயர். மெல்ல இறுகி, பூட்டுப் போட்டுக்கொண்டுவிடும்.

நான் அந்தப் பெயரைச் சொன்னேன். அவளுக்கு அந்த நிலைமையிலும் ரோஷம் வந்தது.

“எனக்கு நாப்பத்தொம்பதுதான்.”

பிறகு குரலை இறக்கிச் சொன்னாள். பிறவியில் அவள் இடக்கைக்காரி. சின்ன வயதில் சாப்பாட்டு மேசையில் அப்பா சாப்பிடுகிற குச்சியாலேயே மணிக்கட்டில் அடித்து வலக்கைக்கு மாற்றினார். புத்தாண்டு முடிந்ததிலிருந்து தோள் பிடித்துக்கொண்டது. ஏப்ரலில் வலக்கையால் நூறுகூடச் சுற்ற முடியவில்லை. ஒருநாள் சும்மா இடக்கையில் எடுத்துப் பார்த்தாள், நாற்பது வருஷம் காத்திருந்தது போல அந்தக் கை வேலை செய்தது.

“யாருகிட்டயாவது சொல்லியிருக்கலாமில்ல?”

“சொன்னா? பாவம், ஓய்வு எடுத்துக்கோன்னு அனுப்புவாங்க. ஓய்வுன்னா எங்க போறது? நீயே சொல்லு.”

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். வலக்கையால் சுற்றும்போது குச்சியை எந்தப் பக்கம் திருப்புவீர்கள் என்று கேட்டேன். வெளிப்பக்கம், தள்ளி என்றாள். இடக்கையில்? அதுவும் வெளிப்பக்கம்தான், எப்பவும் போல. அதுதான் அக்கா, கை மாறினால் பக்கமும் மாறவேண்டும், உங்கள் பக்கமாக இழுத்துச் சுற்றுங்கள் என்றேன்.

முதல் சுருள் கோணலாக வந்தது. இரண்டாவது பரவாயில்லை. மூன்றாவது அவளுடைய சுருள். கொண்டுபோய்த் தட்டில் மாட்டினேன். கால்கள் சரியான பக்கத்தில் வந்து அமர்ந்தன. ஸ்குரூ கம்பியை உள்ளே இழுத்துக்கொண்டது. இடுக்கியால் இழுத்தேன், முறுக்கினேன், பத்து முறை சிவக்கச் சிவக்கச் சூடாக்கி ஆறவிட்டு மறுபடி அளந்தேன். மீட்டரில் எண் கடைசிப் புள்ளிகூட நகரவில்லை. ஒரு மாத வியாதிக்கு ஒரு நிமிஷ வைத்தியம்.

அவள் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சிரித்தாள், சிரிக்கும்போதே கண்ணைத் துடைத்தாள். எனக்கும் நெஞ்சிலிருந்து மூட்டை இறங்கின மாதிரி இருந்தது. அந்தத் தைரியத்தில் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

“கண்ணு போச்சுன்னு சொன்னது நான்தான்க்கா.”

“தெரியுமே. நீ பொய் சொன்னா காது செவக்குது. நடுவுலேருந்து ஓரத்துக்கு, ஒரே சீரா.”

இருவருமாக முதலாளியிடம் போனோம். இரண்டு சுருளையும் பூதக்கண்ணாடியில் வைத்துக் காட்டினேன். அவர் பார்த்தார், எழுத்தைப் படித்தார், பிறகு முக்கியமான கேள்வியைக் கேட்டார். அப்படியென்றால் தட்டு அச்சில் தப்பு இல்லையா? இல்லை முதலாளி. வாத்து மேய்க்க வேண்டாமா? வேண்டாம். அவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். ஒரு மாதமாகத் தூங்காதவர் முகம் எப்படித் தளரும் என்று அப்போது பார்த்தேன். எழுந்து நின்று, மனசு இல்லை என்று நினைத்துவிட்டேன், மன்னிச்சுக்கோங்க அக்கா என்று தலையைக் குனிந்தார். பெரிய மனுஷன்தான்.

அத்தோடு விட்டிருந்தால் எல்லாம் சுபம். ஆனால் அவர் நல்லவர், நல்லவர்கள் அத்தோடு விடமாட்டார்கள். தேநீருக்குத் தண்ணீர் கொதிக்க வைத்துக்கொண்டே, என் அம்மாவுக்கும் இதே தோள் வந்தது, வேலையை விட்டு ஓய்வெடுத்தால்தான் குணமாகும் என்றார். சம்பளத்தோடு ஒரு மாதம் லீவு, சாங்ஷாவுக்கு டிக்கெட் நானே எடுத்துத் தருகிறேன், மகன் பேத்திகளோடு நிம்மதியாக இருந்துவிட்டு வாருங்கள் என்றார்.

அக்காவின் முகத்திலிருந்து ரத்தமெல்லாம் இறங்கியது. மாசக் கடைசியில் போ என்றபோதுகூட இப்படி ஆகவில்லை. மறுப்பதென்றால் எந்தக் காரணத்தைச் சொல்வாள்? பேத்திகளிடம் போகமாட்டேன் என்று எந்தப் பெண் வாய்விட்டுச் சொல்ல முடியும்?

அவளைத் தள்ளிவிட்டவன் நான். இழுத்துப்போடவேண்டியவனும் நான்தான்.

“முதலாளி, தோளுக்குத்தான ஓய்வு? அங்க ஒன்றரை வயசுல ரெண்டு புள்ளைங்க. லிஃப்ட் கெடையாது. இந்தக் கைக்கு ஒண்ணு, அந்தக் கைக்கு ஒண்ணு தூக்கிக்கிட்டு ஆறு மாடி ஏறணும். ஒரே மாசத்துல அந்தத் தோள் கழண்டு கையில வந்துடும்.”

இங்கேயே இருக்கட்டும், கீழ்த் தெருவில் அக்குபங்சர் ஊசி வைத்தியர் இருக்கிறார், தினமும் மத்தியானம் ஒரு மணி நேரம் விடுங்கள், அக்கா இடக்கையில்தான் சுற்றுகிறாள், தோளுக்கு வேலையே இல்லை என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். திரும்பி வந்த அறுபதையும் மறுபடி சுற்றியாகவேண்டுமே என்றும் சேர்த்துக்கொண்டேன். முதலாளி என்னைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள், ஆனால் காது இரண்டும் சிவந்திருந்தது.

அந்த நேரம் பார்த்து அவள் போன் அடித்தது. மருமகள். மத்தியானம் எடுக்காததால் மறுபடி அழைக்கிறாள். அக்கா தயங்கி எடுத்தாள். அந்தப் பெண்ணின் குரல் எங்களுக்கே கேட்டது, பின்னால் இரண்டு குழந்தைகள் போட்டி போட்டுக்கொண்டு அழுதன. பாவம், அவளுக்கும் கஷ்டம்தான். வாரத்தில் பாதி நாளுக்காவது ஆள் வையுங்கள், நான் பணம் அனுப்புகிறேன் என்று அக்கா சொன்னாள். லீவு என்னாச்சு அத்தை என்று அங்கிருந்து கேட்டாள்.

அக்கா முதலாளி பக்கம் பார்க்காமல் சொன்னாள்.

“விட மாட்டேங்கறாரும்மா. ஆமா. ரொம்ப மோசமான ஆளு.”

முதலாளியின் கையில் தேநீர்க் கெண்டி அந்தரத்தில் நின்றது. எனக்கு உயிரே போய்விட்டது. அவர் கெண்டியை வைத்தார். இரண்டு எட்டு நடந்து போனுக்குப் பக்கத்தில் வந்தார். எங்கள் யாரிடமும் ஒருநாளும் காட்டாத ஒரு கரகரத்த குரலில் சத்தம் போட்டார்.

“வேலை நேரத்துல என்ன போன் அங்க? அறுபது உருப்படி கெடக்கு. இந்த வருஷம் யாருக்கும் லீவு கெடையாது.”

அந்தப் பக்கம் குழந்தைகள்கூட ஒரு நொடி அழுகையை நிறுத்தின.

“கேட்டுச்சாம்மா?” என்றாள் அக்கா.

போனை வைத்தாள். முதலாளி முதல் கோப்பையை அவள் முன்னால் நகர்த்தினார். அவள் அதை இடக்கையால் எடுத்துக் குடித்தாள்.